தூக்கச் சொல்லிப் பார்க்காதவர்கள்

ஏகாம்பரம் அவர்கள் காலமான செய்தியை என்னிடம் கொண்டுவந்தது போஸ்டர் ஒட்டுகிற ஆள். பருத்திப்பட்டில், பூந்தமல்லி–ஆவடி சாலையோரம் இருக்கிறது என் தையல் கடை. காலையில் கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பசை வாளியோடு வந்தவன் என் சுவரில் ஒரு போஸ்டரை வைத்துத் தேய்த்துவிட்டு, "இன்னா பாய், உனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலமே நம்ம ஏகாம்பரம் பூட்டாரே" என்றான். நான் முந்தின நாள் பொழுதோடே பூந்தமல்லியில் என் வீட்டுக்குப் போய்விட்டிருந்தேன். கையில் எண்ணெய்க் குப்பியோடு எழுந்து வெளியே வந்து பார்த்தேன்.

"எங்கள் தேகப்பயிற்சிச் சாலையின் தவப்புதல்வர், இரும்பு மனிதர் ஏகாம்பரம் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று போட்டிருந்தது. அதன் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், என் கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அந்தச் சாலையை நடத்துகிற மாஸ்டரின் பெயர். நடுவில் ஒரு படம். சட்டையில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி நிற்கிற படம். ஏகாம்பரத்தின் படம் அல்ல, மாஸ்டர் வாலிபத்தில் எடுத்துக்கொண்ட படம்.

அழவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. பசை காய்வதற்குள் அந்தப் போஸ்டரை உரித்து எடுத்தேன். ரோடு நெடுக ஒட்டியிருந்ததையும் உரித்தேன். நல்ல கெட்டித் தாள். அரை டிராயர் வெட்டுவதற்கு மாதிரித் தாளாக இப்போது என் கடையில் உபயோகத்தில் இருக்கிறது.

இந்த நினைவு மலரின் ஆசிரியர் என்னை எழுதச் சொன்னபோது, "அஞ்சலிக் கட்டுரையில் கோபதாபம் வேண்டாம் பாய்" என்று கேட்டுக்கொண்டார். ஆகட்டும் என்று தலையாட்டினேன். அவர் என்னை மன்னிக்க வேண்டும். ஏகாம்பரம் அவர்களே யாரையும் லேசில் மன்னிக்கிறவர் அல்ல, அவரைப் பற்றி எழுதும்போது நான் மட்டும் எப்படிச் சாதுவாக இருப்பது? மாஸ்டரின் பெயர் இந்தக் கட்டுரையில் ஓரிடத்திலும் வராது. வேண்டுமென்பவர்கள் போஸ்டரில் படித்துக்கொள்ளலாம், ஏதாவது மிச்சமிருந்தால். அச்சு மரியாதைக்காக அவருக்கும் 'அவர்' போடுகிறேன்.

ஏகாம்பரத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். குள்ளமான மனிதர். மெலிந்த கால்கள், சரிந்த தோள்கள், முன்னால் ஒரு தொப்பை. சாதாரணத் தொப்பை அல்ல. சட்டைக்குக் கீழ்ப் பொத்தான் வைப்பதே வீண் வேலை என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கிற யாரும் அவரை ஒரு பலசாலி என்று சொல்லமாட்டார்கள். ஓட்டலில் சட்டி கழுவுகிறவர் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதும் உண்டு. அவரும் கொண்டுபோய்க் கொடுத்தார், வேறு விஷயம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்தில் வேறெவரும் தூக்காத பாரத்தை அவர் தூக்கினார்.

அறுபதுகளின் நடுவில் அவர் அந்தத் தேகப்பயிற்சிச் சாலைக்கு வந்துகொண்டிருந்தார். அம்பத்தூரில் ஒரு வார்ப்பட்டறையில் அப்போது தினக்கூலி. லாரியில் இரும்பு ஏற்றுவது வேலை. வேலை முடிந்து ரயில் பிடித்து, ஆவடியில் இறங்கி நேராகச் சாலைக்கு வருவார். சாலையில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி உண்டு. மற்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து நின்று தண்டால், பஸ்கி எடுப்பார்கள்; ஒவ்வொரு முறை எடுத்ததும் கையை மடக்கிப் பார்த்துக்கொள்வார்கள். ஏகாம்பரம் கண்ணாடிக்குக் குறுக்கே வந்துவிட்டால் மாஸ்டர், "ஏய் பானை, ஓரம் போ, பசங்க பாக்கறது மறைக்குது" என்பார். இவர் சுவரைப் பார்த்து நின்று பயிற்சி செய்வார். எல்லாரும் போனபிறகு இரும்புத் தட்டுகளை எடுத்து அடுக்குவதும் இவர்தான்.

அந்தச் சாலையில் ஒரு வழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆயுத பூசையன்று கர்லாக்கட்டைக்கும் பார்பெல்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கூடவே என் தையல் நாடாவையும் தாம்பாளத்தில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் நான் ஒவ்வொருவருக்கும் மார்பும் இடுப்பும் அளந்து உரக்கச் சொல்லவேண்டும். மார்பு விரிந்து இடுப்பு சிறுத்தவனுக்கு முதல் மாலை. எவ்வளவு தூக்குகிறான், எவ்வளவு தூரம் ஓடுகிறான் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எடையை நிறுத்துப் பார்க்க அங்கே தராசு கிடையாது. என் நாடாதான் அங்கே தராசு.

ஓர் ஆயுத பூசைக்கு, பெரிய தொழிற்சாலை ஒன்றின் அதிகாரி விருந்தினராக வந்திருந்தார். அவர்கள் தொழிற்சாலையின் பளுதூக்கும் அணிக்கு ஓர் ஆள் தேவை. அந்த ஆளுக்கு நிரந்தர வேலை, கூடவே குவார்ட்டர்ஸ் வீடு. ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கோவில்பதாகையில் மாமனார் வீட்டில், ஒரு மூலையில் புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடித்தனம். அந்த வீடு வேண்டும் என்று அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது எனக்குத் தெரியும். "பாய், கன்னியம்மா சத்தமா சிரிச்சு நான் பாக்கல. அந்த ஊட்ல அவளால சிரிக்க முடியல" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

மாஸ்டர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். முன்னால் தாமோதரன். ராஜா மாதிரி இருப்பார் தாமோதரன், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. மாஸ்டர் அவர் தோளில் தட்டி, "சார், பாடியப் பாருங்க. செதுக்கி வெச்சிருக்கேன்" என்றார். அதிகாரி சுற்றிவந்து பார்த்தார். "பிரமாதம்" என்றார். அவ்வளவுதான், தேர்வு முடிந்துவிட்டது.

கடைசியில் நின்றிருந்த ஏகாம்பரம் முன்னே வந்தார். "சார், தூக்கச் சொல்லிப் பாருங்க சார். யாரு ஜாஸ்தி தூக்கறாங்களோ அவங்கள எட்த்துக்கோங்க" என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை. அநியாயமாகவா கேட்டார்? பளுதூக்க ஆள் தேடி வந்தவரிடம் பளுவைத் தூக்குகிறேன் என்றார்.

மாஸ்டர் என் கழுத்தில் கிடந்த நாடாவை உருவினார். ஏகாம்பரத்தின் சட்டையைத் தூக்கி, தொப்பையைச் சுற்றி நாடாவை வைத்து, "சார், மாரை விட வயிறு ஜாஸ்தி! இது எங்க பானை சார். அடுப்புல வைக்கலாம், மேடையில வைக்க முடியாது" என்றார். சாலையே சிரித்தது. அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஏகாம்பரம் நாடாவை மெதுவாக அவிழ்த்தார். சுருட்டி என் கையில் கொடுத்தார். "இந்தா பாய், உன் சாமான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு உறுப்பினராக அந்த வாசற்படியை அவர் மிதிக்கவில்லை. 'தவப்புதல்வர்' என்று போஸ்டர் போட்டார்களே, அந்தப் புதல்வரை வீட்டைவிட்டு அனுப்பிய லட்சணம் இதுதான்.

மறுநாள் என் கடைக்கு வந்தார். சமாதானமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். "நீ பேசாத பாய், நான் சொல்றதக் கேளு. இந்தத் தொப்பைய நான் ஒரு இஞ்சு கூட கொறைக்கமாட்டேன். இத்த வெச்சிகினே அவன் கண்ணு முன்னாடி தூக்குவேன். இளைச்சுட்டுத் தூக்கினா, பாத்தியா நான் சொன்னது நெசம்தானேன்னு சொல்லுவான். அந்த சந்தோஷம் அவனுக்குக் கெடைக்கக்கூடாது" என்றார். பிறகு ஒரு கித்தான் பட்டை தைத்துத் தரச் சொன்னார். இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற அகலப் பட்டை. மூன்று மடிப்பு வைத்து, மெஷின் ஊசி இரண்டு ஒடிய, தைத்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு வார்ப்பட்டறைக்குப் பின்னால்தான் அவருடைய சாலை. உடைந்த மாட்டுவண்டியில் சக்கரம் மாட்டுகிற இரும்பு இருசு ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் கழித்துப்போட்ட வார்ப்புகளைக் கட்டிவைத்திருந்தார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரே இழுப்பில் இருசைத் தொப்பைமேல் கொண்டுவந்து உட்கார வைத்தார். அங்கே ஒரு மூச்சு. அங்கிருந்து தோள். தோளிலிருந்து தலைக்கு மேல். எதைப் பார்த்து ஊர் சிரித்ததோ அது அவருக்குப் படிக்கட்டாக இருந்தது. "இன்னா பாய், மேடையில வைக்க முடியாதாமே?" என்று கேட்டு, பாரத்தை மேலே வைத்துக்கொண்டே சிரித்தார். கூட வேலை செய்கிறவர்கள் பீடியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். கண்ணாடி இல்லாத இடம் அது. அவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் போலவே தொப்பை.

சில வருஷங்கள் போயின. அவர் ஒரு நாளும் அதை மறக்கவில்லை. என் கடைக்கு வரும்போதெல்லாம் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டி, "உள்ள கீறானா?" என்று கேட்பார். இருக்கிறார் என்பேன். "கீட்டும், கீட்டும்" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆண்டு விழாவுக்கு மாஸ்டர் பெரிய கூட்டம் சேர்க்க நினைத்தார். ஆணழகன் போட்டியும் பளுதூக்கும் போட்டியும் ஒரே நாளில். வட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம், எப்படியாவது தலைக்கு மேலே தூக்கினால் போதும் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார். தலைமை தாங்க அதே அதிகாரி. வெளிச்சம் போவதற்குள் போட்டோ எடுக்கவேண்டும் என்பதற்காக ஆணழகன் போட்டியை முதலிலும் பளுதூக்குவதைப் பின்னாலும் வைத்தார். கண்ணாடியே கதியென்று கிடப்பவர்களுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். நரம்பு புடைத்துத் தெரியவேண்டும் என்று பிள்ளைகளை முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்கவிடவில்லை, உப்புச் சேர்க்கவிடவில்லை. மேடையேறுமுன் உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய்.

தாமோதரன் எண்ணெய் மினுக்க நின்றார். மாலையும் வாங்கினார். பளபளவென்று போட்டோ எடுத்தார்கள். அடுத்த நிமிஷம் அதே எண்ணெயோடு, உதடு காய்ந்து, தொழிற்சாலைக்காகப் பார்பெல்லுக்கு முன் வந்து குனிந்தார். முட்டிவரை வந்த கம்பி கையிலிருந்து வழுக்கியது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடி முயன்றார். இந்த முறை கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. அந்த அழகான உடம்பு அப்படியே மடங்கி விழுந்தது. "தண்ணி... தண்ணி" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. மாஸ்டர் கேட்காதவர் போல் நின்றார்.

கூட்டத்திலிருந்து ஏகாம்பரம் வந்தார். அரை டிராயர், என் கித்தான் பட்டை. யாரோ "பானை வருது டோய்!" என்றார்கள், பழைய சிரிப்பு கிளம்பியது. அவர் துண்டால் கம்பியின் எண்ணெயை நிதானமாகத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாய், கோடு போடற சாக்கு கீதா?" என்று கேட்டார். சட்டைப்பையில் இருந்த தையல் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் நொறுக்கித் தேய்த்துக்கொண்டார். தாமோதரன் தோற்ற எடைக்கு மேல் இன்னும் தட்டுகளைப் போடச் சொன்னார். போடப் போட, சிரிப்பு குறைந்தது.

இழுத்தார். கம்பி தொப்பையில் வந்து உட்கார்ந்தது. "வயித்துல வைக்கக்கூடாது!" என்று மாஸ்டர் கத்தினார். அதிகாரி திரும்பி, "எப்படியாவது தூக்கலாம்னு நீங்கதானே மைக்குல சொன்னீங்க?" என்றார். அதற்குள் கம்பி தோளுக்குப் போய், தலைக்கு மேலே போய்விட்டது.

"போதும்பா, கீழே வை" என்றார் அதிகாரி. ஏகாம்பரம் வைக்கவில்லை. அத்தனை பாரத்தையும் தலைக்கு மேலே தாங்கியபடி, அடியடியாக நகர்ந்து மாஸ்டர் பக்கம் திரும்பினார். தொப்பை முழுக்க வெளியே தெரிய நின்று, "மாஸ்டர், நாடா எங்க? இப்போ வெச்சுப் பாரு" என்றார்.

மாஸ்டர் தரையைப் பார்த்தார். நான் பார்த்த காட்சிகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். சொல்ல வெட்கமே இல்லை.

அதிகாரி அங்கேயே கையைப் பிடித்து, வேலைக்கு வந்துவிடு, வீடும் தருகிறோம் என்றார். ஏகாம்பரம் கையை விடுவித்துக்கொண்டார். "அன்னிக்கு நான் கேட்டேன், நீங்க தூக்கச் சொல்லலியே சார். சிரிச்சிகினு இருந்தீங்க. இன்னிக்கு நான் உங்களாண்ட ஒண்ணும் கேக்கலியே" என்றார். பட்டையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதிலை நினைத்து எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் கன்னியம்மாளுக்கு நிமிரவில்லை. "வீம்ப வெச்சிகினு ஊட்டுக்குக் கூரை போட முடியுமாய்யா?" என்று கேட்டு, அவரோடு வெகுநாள் பேசாமல் இருந்தார். அதுவும் நியாயம்தான். வார்ப்பட்டறையில் நிரந்தரமாகி, பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் சொந்தமாக ஓர் ஓலை வீடு போட அவருக்கு மேலும் சில வருஷங்கள் ஆயின. அந்த வீட்டில் கன்னியம்மாள் சிரித்தார், நானே கேட்டிருக்கிறேன். எனினும் அந்த வருஷங்களை மாஸ்டர் கணக்கில்தான் நான் எழுதுவேன்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. விழுந்த தாமோதரனை ஏகாம்பரம் பழிவாங்கவில்லை. தாமோதரன் மாஸ்டரின் சாலையை விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூச்சத்தோடு வார்ப்பட்டறைக்கு வந்து நின்றார். "இன்னாபா, தூக்கணுமா? மொதல்ல தண்ணி குடி" என்று சொம்பை நீட்டினாராம் ஏகாம்பரம். அப்புறம் ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். "அவன் என்னாண்ட தோத்தான் பாய். என்னைப் பாத்து சிரிக்கல. ஆயுத பூசையன்னிக்கு நான் கவனிச்சேன், அவன் ஒருத்தன்தான் சிரிக்கல" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று ஒவ்வொரு முகமாக அவருக்கு ஞாபகம் இருந்தது.

போன மாசம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரி, கீழாநெல்லி, எல்லாம் பார்த்தார்கள். உடம்பு கரைந்தது. தொப்பை போயே போய்விட்டது. பார்க்க வந்த ஒரு புண்ணியவான், "இப்பதான் நல்லா இளைச்சு டிரிம்மா கீறே" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக நான் போனபோது பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நாடா கீதா பாய்? வையி" என்றார். எனக்குக் கை வரவில்லை. அவரே வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டு பார்த்தார். "மாஸ்டருக்குப் புட்ச்ச சைஸு. தம்ளர் தூக்க முடியல" என்று சிரித்தார்.

அப்புறம் கன்னியம்மாளையும் அருகே கூப்பிட்டுச் சொன்னார்: "நான் செத்தா அவன் வருவான். போட்டோக்காரனோட வருவான். வந்தா வெரட்டாதீங்க, மால போட்டுக்கட்டும். ஆனா அவனும் அவன் பசங்களும் என்னைத் தூக்கக்கூடாது. தாமோதரன் வந்தா பாடையில ஒரு மூலை குடுங்க."

அவர் சொன்னபடியே வந்தார்கள். மாலை, போட்டோக்காரர், இறுக்கமான பனியன் போட்ட நான்கு பிள்ளைகள். மாஸ்டர் மாலையைப் போட்டு, கேமராவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பவே சொன்னேன், உடம்பக் கவனின்னு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு பிள்ளைகளுக்குக் கண்ஜாடை காட்டினார். அவர்கள் பாடையின் நான்கு மூலைக்கும் வந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இன்னா பாய், கடைசி மரியாதை செய்ய வுடமாட்டியா? எங்க சாலையில தூக்கக் கத்துகினவன்யா அவன்" என்றார் மாஸ்டர்.

"உங்க சாலையில அவர் தட்டு அடுக்கினாரு மாஸ்டர். தூக்கினது வேற எடத்துல. நீங்க போட்டோ புடிச்சாச்சு இல்ல? ஓரம் போங்க. நீங்க நிக்கறது மறைக்குது" என்றேன்.

கன்னியம்மாள் அழுகையை நிறுத்தி, "அவுரு சொன்னதச் செய்யி பாய்" என்றார். பனியன் பிள்ளைகள் பாடையை விட்டு விலகினார்கள். வார்ப்பட்டறை ஆட்கள் மூன்று பேர் வந்து மூலைக்கு நின்றார்கள், மூவருக்கும் தொப்பை. நான்காவது மூலைக்குத் தாமோதரன் வந்தார். அவருக்கும் இப்போது கொஞ்சம் வயிறு விழுந்திருக்கிறது. என் கித்தான் பட்டையை ஏகாம்பரத்தின் இடுப்பில் கட்டினேன். ஒரு சுற்றுக்குத் தைத்தது, இரண்டு சுற்றுக்கு வந்தது.

பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவது எங்கள் பகுதி வழக்கம். எங்கே இறக்குவது என்று தாமோதரன் என்னைப் பார்த்தார். நான் சாலை வாசலைக் காட்டினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தக் கண்ணாடி. அதற்குக் குறுக்கே, வாசலை அடைத்துக்கொண்டு, ஏகாம்பரத்தை வைத்தோம். மாஸ்டர் ஊர்வலத்துக்கு முன்னால் வேகமாக வந்து அங்கே நின்றிருந்தார், கூடவே அந்த நான்கு பிள்ளைகளும்.

ஏகாம்பரத்தின் உடம்பில் அப்போது கனமே இல்லை. சின்னப் பிள்ளைகள்கூடத் தூக்கியிருக்கலாம். அதனால்தான் மாஸ்டரின் கை பாடைக் கழியை நோக்கி வந்தபோது நான் அந்தக் கையைப் பிடித்து எடுத்து அப்பால் வைத்தேன். "கனமா இருந்தப்ப தூக்கச் சொல்லிப் பாக்கல மாஸ்டர், இப்போ வேணாம்" என்றேன். தாமோதரன், "தூக்குங்கப்பா" என்றார். தூக்கினார்கள்.

ஏகாம்பரம் அண்ணாத்தே, நீங்கள் சொன்னது ஒன்றும் விடாமல் நடந்தது. நிம்மதியாகப் போய்ச் சேருங்கள். வருகிற ஆயுத பூசைக்கு நாடா கேட்டு ஆள் அனுப்புவார்கள். கிடையாது என்று சொல்லிவிடுவேன்.